பாம்புப் பெட்டியில் எரிந்த விளக்கு பற்றி இக்லால் ரிஃப்அத் சொன்னது

சாட்சியின் பெயர் இக்லால் ரிஃப்அத் ஸலீம். வயது நாற்பத்தெட்டு. அறிவியல் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை; விலங்குகளின் பார்வை பற்றிக் கற்பிப்பவர். திருமணமாகாதவர். இருப்பிடம் கெய்ரோ, ஹதாயிக் அல்குப்பா. நோன்பு வைத்திருந்தும் விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டாம் என்று கூறினார். சத்தியப் பிரமாணத்துக்குப் பின் அவர் சொன்னதாவது:

புகார் கொடுத்த ஷவ்கி ரிஃப்அத் என் உடன்பிறந்த தம்பி. வீட்டுக்குத் தீ வைத்ததாகக் காவலில் இருக்கும் நெர்மின் அவன் மனைவி. அவர்களுக்கு லமீஸ் என்று ஒன்பது வயதில் ஒரு மகள். நெர்மின் குலா, அதாவது மனைவி கோரும் மணவிலக்கு, கேட்டு மனுப் போட்டிருக்கிறாள். அது கிடைத்தால் மகளும், மகள் வளரும்வரை அந்த வீடும் அவள் வசம் இருக்கும். தீவைத்ததாகத் தீர்ப்பானால் இரண்டும் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டுதான் பேசுகிறேன்.

சென்ற குளிர்காலத்தில் ஷவ்கி ஒரு மலைப்பாம்பு வாங்கினான். ஆப்பிரிக்க வகை, குட்டையானது, மிரண்டால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். சுக்கர் என்று பெயர் வைத்தான். கண்ணாடிப் பெட்டியை வரவேற்பறையில் வைத்தான். பகலெல்லாம் அது மரப்பட்டைக்கு அடியில் கிடக்கும், இரவில்தான் வெளியே வரும். அதனால் இரவில் அதைப் பார்க்க என்ன விளக்குப் போடலாம் என்று என்னைக் கேட்டான். நான் இரண்டு காரியங்களைப் பிரித்து வைக்கச் சொன்னேன். சூட்டுக்கு ஒளியே இல்லாத பீங்கான் சூடேற்றி, சூடு அளவு மீறினால் அதை அணைக்கும் தெர்மோஸ்டாட், மேலே கம்பிக்கூண்டு. பார்ப்பதற்குத் தொட்டால் சுடாத, பேட்டரியில் எரியும் மங்கலான எல்.இ.டி. பட்டை, அதுவும் கண்ணாடிக்கு வெளியே. விருந்தாளிகள் கொஞ்ச நேரம் பார்த்ததும் அணைத்துவிட வேண்டும், மற்ற நேரம் முழு இருட்டு. பட்டையை நானே வாங்கி ஒட்டிக் கொடுத்தேன்.

விசாரணை அதிகாரி இந்த இடத்தில் குறுக்கிட்டு, “பாம்புக்கு இவ்வளவு உபசாரமா, புரொஃபசரம்மா? என் வீட்டுல நான் ஃபைல் படிக்கவே ஒரு நல்ல விளக்கு கெடையாது” என்றார். எழுத்தர் சிரித்தார். விளக்கைப் பற்றிப் பேசாமல் இந்த வழக்கைப் பேச முடியாது என்று சொன்னேன். தொடரச் சொன்னார்.

அதன் பிறகு ரமளான் வந்தது. தராவீஹ் தொழுகை முடிந்து ஷவ்கியின் நண்பர்கள் வீட்டுக்கு வந்து விடியலுக்கு முந்தைய ஸஹர் சாப்பாடு வரை உட்கார்ந்திருப்பார்கள். பட்டையின் வெளிச்சம் போதவில்லை, ஒன்றுமே தெரியவில்லை என்று அவர்கள் சொன்னார்களாம். ஷவ்கி பிராணிக் கடைக்குப் போய் நூறு வாட் சிவப்பு பல்பு ஒன்று வாங்கி வந்தான். பட்டையையும் பீங்கான் சூடேற்றியையும் கழற்றிவிட்டு, பெட்டியின் மேல் கம்பிவலைமீது அந்த பல்பை வைத்தான். சூடும் ஒளியும் இனி ஒன்றிலேயே ஆயிற்று என்று பெருமையாகச் சொன்னான். தெர்மோஸ்டாட்டில் அதை இணைக்கவில்லை. இணைத்தால் அடிக்கடி அணைந்துவிடும், நண்பர்கள் பார்க்கும்போது இருட்டாகிவிடும் என்றான்.

எங்களுக்குள் நடந்த பேச்சு எனக்கு நினைவிருக்கிறது.

“பாம்புக்குச் செவப்பே தெரியாதாம்க்கா. கடைக்காரன் சொன்னான். அதுக்கு ராத்திரி ராத்திரியாவே இருக்கும், நமக்கு மட்டும் பகல்.”

“அவன் பல்பு விக்கிறவன். கொஞ்சம் கம்மியாத் தெரியும், அவ்வளவுதான். அது ஒதட்டு மேல வரிசையா குழி இருக்கு பாரு, அது சூட்டப் பாக்கறதுக்கு. நீ ராத்திரி பூரா அது மூஞ்சியில அடுப்பு வெச்சிருக்க.”

“அதான் நல்லா நெளியுது. அப்ப எல்லாம் மரக்கட்ட மாதிரி கெடந்துச்சு.”

“ஓடி ஒளிய எடம் தேடுதுடா.”

“உனக்குக் கல்யாணம் ஆகியிருந்தா இந்தப் பாடமெல்லாம் மாமா கேட்டிருப்பாரு. இப்ப நான் கேக்க வேண்டியிருக்கு.”

அவன் வீட்டில் எதையும் ஒருமுறைதான் சொல்வேன்.

கழற்றிய பட்டையை லமீஸ் எடுத்துக்கொண்டாள். ரமளானில் பிள்ளைகள் கையில் தூக்கித் திரியும் விளக்கு அவளிடமும் ஒன்று இருந்தது, அதற்கு உள்ளே அதைச் சுற்றி வைத்துக்கொண்டாள்.

சம்பவத்தன்று நோன்பு திறக்க என்னையும் எங்கள் அத்தை ஹிக்மத்தையும் ஷவ்கி அழைத்திருந்தான். அத்தை வாசலில் நின்றபடியே, “அந்த மூதேவிய மூடுடா. அது என்னப் பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு ஒரு பேரீச்சம்பழங்கூட எறங்காது” என்றார். ஷவ்கி சுவரில் தொங்கிய ரமளான் பூத்துணியைக் கழற்றி, இரண்டாக மடித்து, பெட்டியின் மேல் போர்த்தினான். பல்பும் அதற்குள் போயிற்று. போர்த்தியது ஷவ்கி. நெர்மின் அப்போது அடுக்களையில் சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். பல்பை அணைக்கச் சொன்னேன். “சாப்பிட்டு எந்திரிச்சதும் துணிய எடுத்துடறேன், நீ உக்காரு” என்றான்.

அதன் பிறகு சாப்பிட்டோம். நெர்மின் தட்டுகளைக் கழுவும்போது, “ஒரு நாள் இந்தப் பொட்டிய நானே கொளுத்திடப் போறேன் பாருங்க, அத்த” என்றாள். புகாரில் அந்த வார்த்தைகள் இருப்பதாக அதிகாரி சொன்னார். அவை உண்மை, நானும் கேட்டேன். கேட்டு அத்தை சிரித்தார். “கொளுத்து, நான் தீப்பெட்டி தர்றேன்” என்றார். அத்தைமீது யாரும் புகார் கொடுக்கவில்லை.

அதன் பிறகு ஷவ்கி தொழுகைக்குப் போனான். துணியை எடுக்கவில்லை. நாங்கள் மூன்று பெண்களும் லமீஸும் அத்தை வீட்டில் குனாஃபா இனிப்புச் சாப்பிடலாம் என்று கிளம்பினோம். பிள்ளை தன் விளக்கையும் கையில் எடுத்துக்கொண்டாள். தெருவில் குளிர்ந்தது. நெர்மின் பிள்ளையின் ஸ்வெட்டரை எடுக்க மட்டும் மேலே ஏறிப்போனாள், உடனே இறங்கி வந்தாள். நான் கீழே நின்றேன். உள்ளே அவள் என்ன செய்தாள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததை எந்தப் பக்கத்துக்காகவும் சொல்ல மாட்டேன். அவள் கையில் ஸ்வெட்டர் இருந்தது, அதைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டாள், ஒரு பொத்தான் அறுந்திருந்ததற்கு வருத்தப்பட்டாள்.

குனாஃபா தட்டில் இருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் நெர்மினுக்குப் போன் செய்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அக்கம்பக்கத்தார் தீயை அணைத்திருந்தார்கள். வரவேற்பறை முழுவதும் கருகியிருந்தது. பாம்பு பெட்டிக்குள் இருந்த சிறு தண்ணீர்த் தொட்டியில் சுருண்டு செத்துக் கிடந்தது. ஷவ்கி அதைப் பார்த்து அழுதான். நெர்மின் துடைப்பத்தைத் தேடினாள்.

அதன் பிறகு என் தம்பி இங்கே கொடுத்த வாக்குமூலத்தை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். பெட்டியில் இருந்தது பேராசிரியையான தன் அக்கா தேர்ந்தெடுத்த எல்.இ.டி. பட்டை மட்டுமே என்றும், அது சுடாது என்றும், ஆகவே யாராவது தீ வைக்காமல் துணி எரிய வழியே இல்லை என்றும் அதில் சொல்லியிருக்கிறான். பட்டை சுடாது என்பது சரி. அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் அன்று அது பெட்டியில் இல்லை. பிள்ளையின் விளக்கில் இருந்தது, எங்களோடு தெருவில் நடந்து வந்தது. இப்போதும் அத்தை வீட்டு மேசையில் எரிகிறது. அனுப்பி எடுத்துக்கொள்ளலாம், பிள்ளையிடம் தன்மையாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வலைமீது இருந்தது நூறு வாட் பல்பு. அது எரியும்போது அதன்மேல் கையை நீட்டிப் பார்த்திருக்கிறேன், வைத்திருக்க முடியவில்லை. தீ எப்படிப் பிடித்தது என்று முடிவு சொல்ல நான் தீயணைப்பு நிபுணர் அல்ல. எரிந்த பெட்டியில் பல்பின் பித்தளைத் தொப்பி கிடக்க வேண்டும். தேடினால் கிடைக்கும்.

துணியை நானே ஏன் எடுக்கவில்லை என்று அதிகாரி கேட்டார். எடுத்திருக்கலாம் என்று பதில் சொன்னேன்.

நெர்மினிடம் எனக்குத் தனிப் பிரியம் ஏதும் உண்டா என்று கேட்டார். அதிகம் பேசிக்கொண்டதில்லை. என் தம்பியோடு விரோதம் உண்டா என்று கேட்டார். இல்லை. இன்று காலை அவன்தான் என்னைக் காரில் இங்கே அழைத்து வந்தான். நோன்புக் களைப்பாக இருக்குமென்று இருக்கையைச் சாய்த்துவிட்டான். “நீ லைட்டப் பத்தி மட்டும் சொல்லுக்கா. உனக்குத் தெரிஞ்சது அதுதானே” என்றான். சரி என்றேன். அதைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் கண்டதும் கேட்டதும் தவிர இதில் வேறொன்றுமில்லை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதை நான் சொல்லவில்லை. சொல்லியதில் எதையும் மாற்றவோ நீக்கவோ நான் கேட்கவில்லை. வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். வெளியே நடையில் காத்திருக்கும் என் தம்பியைப் போகச் சொல்லிவிடும்படியும், நான் டாக்ஸியில் போய்க்கொள்வதாகவும் கேட்டுக்கொண்டேன். அதையும் எழுதிக்கொண்டார்.

ஒப்பம்: இக்லால் ரிஃப்அத் ஸலீம்