ஆற்றுக்கு அப்பால் ஒரு முகவரி

நான் பிடித்துக் கொடுத்த வீடு நல்ல வீடு. அல்பரி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். காலையில் கூடம் முழுக்க வெயில் விழும். என் வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவரை ஏதோ பொந்தில் அடைத்து வைத்தது போலப் பேசுகிறார்கள்.

பெரிய தொகை வைத்து ஆடுபவர்களை மெல்பர்ன் சூதாட்ட விடுதிக்கு அழைத்து வருவது என் வேலை. அவர்கள் சிங்கப்பூருக்கோ மக்காவ் நகருக்கோ போய்விடக் கூடாதென்று அரசு ஒரு சலுகை கொடுத்திருந்தது. வெளிநாட்டிலோ வெளிமாநிலத்திலோ வசிப்பவர் தோற்றால் விடுதிக்குப் பாதி வரிதான். மிச்சமாவதில் ஒரு பங்கை ஆடியவருக்கே திருப்பித் தருவோம். அந்த வருடம் வெளியிலிருந்து யாரும் வரவில்லை. யாரும் என்பது தவறு. மூன்று பேர் வந்தார்கள். அது போதாது. அதனால் உள்ளூர்க்காரர்கள் ஒன்பது பேரை வெளியூர்க்காரர்கள் ஆக்கினேன். மாநில எல்லையில் ஓடும் ஆற்றைத் தாண்டினால் அல்பரி. அது வேறு மாநிலம்.

ஒன்பதாமவர் தானாசிஸ். மெல்பர்னின் கோபர்க் பகுதியில் தரை ஓடு விற்கும் கிரேக்கர், அறுபத்து நான்கு வயது. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"கோபர்க்ல இருந்து வந்து தோத்தா முழு வரி, அல்பரியில இருந்து வந்து தோத்தா பாதி வரியா? தோக்குறதுல கூட ஊர் பாக்குறாங்களா, லோர்னா?"

"முகவரி மட்டும் இருந்தாப் போதும். நீங்க அங்க போய் இருக்கணும்னு இல்ல."

"அப்போ அது பொய்யாச்சே. இருக்கேன்னு கையெழுத்துப் போட்டா இருக்கணும், பொண்ணே."

மற்ற எட்டுப் பேரும் தங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். இவர் மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறினார். மனைவி எவாந்தியாவிடம் வெளியூரில் வேலை என்று சொல்லியிருந்தார். ஆக, அவரும் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக இருக்கட்டும் என்றுதான்.

பிறகு, ஒரு முகவரியை நேரில் பார்க்க வரி ஆய்வாளர் வருவதாகக் கடிதம் வந்தது. எந்த வீட்டைக் காட்டுவது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆள் குடியிருந்த வீடு அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை பத்து மணி என்று முடிவானது.

செவ்வாய்க்கிழமை தானாசிஸ் போனில் கூப்பிட்டார்.

"சர்க்கரை ஊசி மருந்து தீந்துபோச்சு. வாய் வறளுது, ரெண்டு தடவை வாந்தி. மருந்துச் சீட்டெல்லாம் எவாந்தியாகிட்ட. நான் வீட்டுக்குக் கெளம்புறேன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோங்க. அவர் வர்றப்போ நீங்க இல்லன்னா எல்லாம் கெட்டுப்போயிடும். தண்ணி நிறையக் குடிங்க."

"சரி," என்றார். "சொன்னா சொன்னதுதான்."

மறுநாள் எவாந்தியா கூப்பிட்டார். தானாசிஸின் பிறந்தநாளுக்கு விடுதி அனுப்பிய வாழ்த்து அட்டையில் என் எண் இருந்திருக்கிறது.

"ஆடட்டும்மா, நான் தடுக்கல. எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லு. மருந்து குளிர்பெட்டியில அப்படியே இருக்கு. ஊசி போடாம அவரால இருக்க முடியாது."

வாடிக்கையாளரின் முகவரியை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. பணிவாகத்தான் சொன்னேன். அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். மூன்று முறையா, சரியாக நினைவில்லை.

வெள்ளிக்கிழமை நான் எட்டு மணிக்கே போய்விட்டேன். எட்டேகால் இருக்கலாம். என்னிடம் ஒரு சாவி இருந்தது. கூடத்தில் சோபாவில் கிடந்தார். தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. மூச்சு இருந்தது. ஆழமாக, வேகமாக, ஓடி வந்தவர் போல. அதில் அழுகிய பழத்தின் வாடை.

ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினேன். பிறகு நிறுத்தினேன். ஆம்புலன்ஸ் வந்தால் மருத்துவமனை. மருத்துவமனை என்றால் எவாந்தியா. எவாந்தியா வந்தால் கோபர்க் வீடு. பத்து மணிக்கு வருகிறவர் காலியான வீட்டைப் பார்ப்பார். நான் தானாசிஸின்மேல் போர்வையை இழுத்துவிட்டேன். செருப்பைச் சோபா ஓரம் சேர்த்து வைத்தேன். மின்கட்டண ரசீதை மேசையில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டேன். வெயில் அவர் காலுக்கு வந்தது. பிறகு மார்புக்கு வந்தது.

ஆய்வாளர் பத்து நிமிடம் தாமதமாக வந்தார். நல்ல மனிதர். சோபாவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"குறட்டை பலமா இருக்கே."

"ராத்திரி தூங்கல, பாவம்."

"எழுப்ப வேண்டாம். தூங்கட்டும்."

ரசீதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நுனிக்காலில் நடந்து வெளியே போனார். அவருடைய கார் தெருமுனையில் திரும்பும்வரை காத்திருந்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபோது பத்து நாற்பது. அந்த இடைவெளி என்னவாயிற்று என்று நீங்கள் மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். இதுதான்.

மதியம் அல்பரி மருத்துவமனையில் இறந்துபோனார். இறப்புச் சான்றிதழின் நகல் உங்கள் கையில் இருக்கிறது. வசிப்பிடம் என்ற இடத்தில் அல்பரி என்று இருப்பதைப் பாருங்கள். கையெழுத்துப் போட்டால் அங்கே இருக்க வேண்டும் என்று சொன்ன மனிதர் அவர். அவருடைய பேச்சைக் கடைசிவரை காப்பாற்றிக் கொடுத்தது நான்தான். எவாந்தியா அதை ஒருநாள் புரிந்துகொள்வார்.