கையால் வரைந்த அட்டை

மழைக்காலத்தில் அஞ்சலட்டைகளைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை, சார். உடும்பஞ்சோலைப் பக்கம் ஆனி பிறந்தால் சுவரே வியர்க்கும். செருப்பில் பூசணம் பூக்கும், பெல்ட்டில் பூக்கும், பைபிள் அட்டையில்கூடப் பூக்கும். என் அட்டைகளில் ஒரு புள்ளி காட்ட முடியாது. தபால் ஆபீஸுக்கு அடுத்த அறை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். நடுச்சுவர் எந்நேரமும் கதகதப்பாக இருக்கும். அந்தச் சுவரை ஒட்டி அலமாரியைப் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டிவிட்டார்கள். பரவாயில்லை, நாடு வாரியாகத் திரும்ப அடுக்கிக்கொள்ளலாம்.

மோனிஷா பாலக்காட்டுக்கு எழுதிய அட்டை எங்கே என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். இந்தக் கத்தரீனாள் மறைத்தாள் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக்கூடாது.

இருபத்தாறு வருடமாக இந்தக் கிளை அஞ்சலகத்துக்கு நான்தான் போஸ்ட் மாஸ்டர். தபால் கட்டு பிரிப்பதும் நான், முத்திரை குத்துவதும் நான். இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள்? பேங்க் நோட்டீஸும் ஆதார் கார்டும்தான் வரும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் கட்டைப் பிரித்தால், பனியில் நிற்கும் கலைமான் படத்தோடு ஓர் அட்டை. பின்லாந்திலிருந்து மோனிஷா என்ற பெயருக்கு வந்திருந்தது. யார் என்று பார்த்தால், ஜீப் ஓட்டும் வீரபாண்டி கம்பத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த புதுப்பெண்.

அவள்தான் விளக்கினாள். ஒரு வலைத்தளம் இருக்கிறதாம். முன்பின் தெரியாத ஒருவரின் முகவரியை அது கொடுக்கும். நாம் அவருக்கு ஓர் அட்டை அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்ததும், வேறெங்கோ இருக்கும் இன்னொருவர் நமக்கு ஓர் அட்டை அனுப்புவார். காலேஜில் பின்சி என்ற பாலக்காட்டுத் தோழி பழக்கிவிட்டதாம். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். அவள் அந்தக் கலைமானைத் தடவிய விதத்தைப் பார்த்ததுமே இவள் நம் ஜாதி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவளுக்கு வரும் அட்டைகளை இரண்டு நாள் என்னிடம் வைத்திருந்து படித்துவிட்டுத்தான் கொடுப்பேன். அது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. அட்டைக்கு ஏது மூடி? அவளும் கண்டுபிடித்துவிட்டாள். கோபப்படவில்லை, சிரித்தாள். பிறகு அவளே படித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள். வீட்டில் வைத்தால் வீரபாண்டி அடுப்பில் போட்டுவிடுவான். அப்படிச் சேர்ந்ததுதான் இந்த நானூற்றுச் சொச்சம்.

அவன் அடிப்பான். ஊருக்கே தெரியும். கன்னம் தடித்திருந்தால் ஜீப் கதவு பட்டுவிட்டது என்பாள். இந்த மலையில் ஜீப் கதவு பெண்பிள்ளைகளை மட்டும் தேடித் தேடி அடிக்கும். ஒரு தடவை அம்மா வீட்டுக்குப் போனாள். அண்ணன்மாரே கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, பிரியாணி சாப்பிட்டுப் போனார்கள். அவளாகப் பஸ் ஏறவும் வழியில்லை. இங்கிருந்து கம்பம் வரைக்கும் ஜீப் ஓட்டுகிறவன் எல்லாம் வீரபாண்டியின் கூட்டாளி. அவள் ரோட்டில் நின்றால் கால் மணி நேரத்தில் அவனுக்குச் செய்தி போய்விடும். போன வருடம் அவள் ஃபோனையும் கல்லில் அடித்து உடைத்துவிட்டான். அட்டை எழுதுவதை மட்டும் விட்டுவைத்தான். "மூடாத தபால்ல என்ன கள்ளம் இருக்கப் போவுது யக்கா" என்று என்னிடமே சொன்னான். அதன் பிறகு அவளுக்கு முகவரி எடுப்பது என் ஃபோனில்தான். நானே எடுத்துத் தாளில் எழுதிக் கொடுப்பேன்.

என்னால் என்ன செய்ய முடியும் சொல்லுங்கள். நான் தனிக்கட்டை. புருஷன் பெண்சாதி விஷயம். அவளுக்கு ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தேன், சாயா போட்டுக் கொடுத்தேன். வேறு யார் கொடுத்தார்கள்?

இந்த மாதம் இரண்டாம் தேதி வந்தாள். வலது கண் மூடியிருந்தது. இடுப்பிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். அவள் கையாலேயே வரைந்தது. நோட்டு அட்டையை வெட்டி, நீலப் பேனாவும் மஞ்சள் தூளும் வைத்து வரைந்திருந்தாள். ஏலச்செடிகளுக்கு நடுவே ஒரு பாதை, பாதை முடிகிற இடத்தில் ஒரு கார். மஞ்சளை வெயிலாக்கியிருந்தாள், சார். இத்தனை நாட்டு அட்டைகளில் அப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததில்லை. என் மேசையிலேயே நின்று பின்னால் எழுதினாள்.

"கவர் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்க்கா. எனக்கும் பின்சிக்கும் கார்டுதான் வழக்கம். அவ நம்பரு ஃபோனோட போச்சு, அட்ரஸ்தான் மனப்பாடம். நீங்க படிச்சாலும் பரவாயில்ல."

படித்தேன். மனப்பாடமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். "பின்சி, இனி இங்கே இருந்தால் இவர் என்னைக் கொன்றுவிடுவார். பதினாலாம் தேதி புதன்கிழமை போடிக்கு ஏலக்காய் மூட்டை ஏற்றிப் போகிறார். நீ கார் எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸுக்கு வா. பத்து மணியிலிருந்து நிற்பேன். இங்கே கத்தரீனாள் அக்கா இருக்காங்க. அவங்க ரொம்ப நல்லவங்க. அவங்களை நம்பலாம்."

இந்த மலைக்கு வந்த எத்தனையோ ஆயிரம் தபால் என் கை வழியாகத்தான் போயிற்று. என் பெயர் எழுதிய அட்டை அது ஒன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் போன பிறகு நாலைந்து தடவை படித்தேன். முத்திரையைக் கையில் எடுத்தேன். குத்தினால் மை மறுபக்கம் ஊறி அந்த வெயிலைக் கெடுத்துவிடும் என்று தோன்றியது. நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தேன். மறுநாளும் கை வரவில்லை. கடையில் விற்கிற அட்டை போனால் இன்னொன்று வாங்கலாம். இது போனால் போனதுதான். அட்டை மட்டுமா, அவளும் போய்விடுவாள். பிறகு கட்டைப் பிரித்தால் பேங்க் நோட்டீஸ்தான். அட்டைக்குப் பதிவு எண் கிடையாது சார், ரசீதும் கிடையாது. அது போய்ச் சேர்ந்ததா என்று உலகத்தில் யாரும் கேட்க முடியாது. மாதாமாதம் வருகிற அட்டை இந்த மாதம் ஏன் வரவில்லை என்று பின்சி வந்து உங்களிடம் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை.

பதினாலாம் தேதி பத்து மணிக்கு மோனிஷா வந்துவிட்டாள். ஒரு துணிப்பை, கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய செருப்பு. ரோட்டில் யார் கண்ணிலும் படாமல் உள்ளே பெஞ்சில் உட்காரச் சொன்னேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தது.

"கார்டு போயிருக்கும்லக்கா?"

"போயிருக்கும்மா. மழைல எங்கயாச்சும் மண்ணு சரிஞ்சு வழி அடைச்சிருக்கும். வந்துருவா."

சோறு போட்டேன். இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். மூன்று மணிக்கு, "அக்கா, உங்க ஃபோனைக் கொஞ்சம் குடுங்க. பின்சி பேரைப் போட்டுத் தேடிப் பாக்குறேன்" என்றாள். சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டேன். பின்சி கிடைத்திருந்தால் அட்டை வரவில்லை என்று சொல்லியிருப்பாள். அதற்குப் பிறகு மோனிஷா என்னை எப்படிப் பார்ப்பாள்? ரொம்ப நல்லவங்க என்று எழுதிய பிள்ளை. அலமாரி அவள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. அட்டை அதில்தான் இருந்தது. ஒரு தடவை எழுந்து அதன் பக்கம்கூடப் போனேன். சத்தியமாக என்னால் முடியவில்லை, சார்.

ஐந்தரைக்கு அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். "பின்சியும் கைவிட்டுட்டாக்கா" என்றாள். அழுதபோதுகூடத் தாங்கிக்கொண்டேன். அதைக் கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது. "அவர் வர எட்டு மணியாகும். அதுக்குள்ள போயி பையைப் பிரிச்சு வச்சிட்டா அவருக்குத் தெரியாது" என்று சொன்னாள். மழை விட்டதும் கிளம்புகிறேன் என்று பெஞ்சிலேயே சாய்ந்துகொண்டாள்.

ஆனால் மழை விடவில்லை. ஆறேகாலுக்கு ஜீப் வந்து வாசலில் நின்றது. வீரபாண்டி உள்ளே வந்து பையைத்தான் முதலில் பார்த்தான். பையை அவனே எடுத்துக்கொண்டான். அவள் அவன் பின்னால் போனாள். படியில் நின்று, "வர்றேங்க்கா" என்று சொன்னாள். மறுநாள் காலையில் ஏலக்காட்டுக்குத் தண்ணீர் எடுக்கிற, தார்ப்பாய் விரித்த படுதாக் குளத்தில் கிடந்தாள். நீங்கள் வந்து வெளியே எடுத்தீர்கள். நானும் கரையில் நின்றேன். நிறைய அழுதேன், ஊர் பார்த்தது.

அட்டை அலமாரியின் மூன்றாம் தட்டில், கண்ணாடித் தாளுக்குள் இருக்கிறது. கேஸுக்கு வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஸ்டேப்ளர் மட்டும் அடிக்காதீர்கள்.

எட்டு மணிக்கு வருகிறவன் ஆறேகாலுக்கு எப்படி வந்தான், அவளைப் பையோடு பார்த்து அவனுக்குச் சொன்னது எந்த ஜீப் டிரைவர் என்று நாலு நாளாக ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள். பாவம், அவர்களை விட்டுவிடுங்கள். என் ஃபோனைப் பார்த்தால் ஐந்தே முக்காலுக்குப் போன ஓர் அழைப்பு இருக்கும். ஸ்டோர்ப் பக்கம் போய் நின்று நான்தான் அவனிடம் பேசினேன், அவள் துணிப்பையோடு இங்கே இருக்கிறாள் என்று. இருட்டுகிற நேரம், மழை வேறு. தனியாகப் போக வேண்டிய பெண்பிள்ளை, பத்திரமாக வீடு போய்ச் சேரட்டும் என்றுதான் கூப்பிட்டேன்.