மூன்று றூட்டும் ஒரு புள்ளியும்

புளியங்குளம் தாண்டி பஸ் கிளிநொச்சிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். வயலுக்குத் தண்ணீர் கேட்டுக் கொடுத்த படிவத்தின் பிரதி மனைவியின் கையில் இருந்தது.

"உங்கட ஒரு புள்ளியால எங்கட வயலில அரை ஏக்கர் காயப்போகுது."

"நான் சரியாத்தானே எழுதினனான். ரெண்டு ஏக்கர் மூண்டு றூட். ரெண்டு புள்ளி மூண்டு."

"ஏக்கருக்கு நாலு றூட்தானே, பத்து இல்லையே. மூண்டு றூட் எண்டா முக்கால் ஏக்கர். புள்ளிக்குப் பிறகு ஏழு, அஞ்சு எண்டு வரவேணும்."

"சின்ன வித்தியாசம்தானே. அடுத்த கிழமை சொல்லுவம்."

"எழுதின அளவுக்குத்தான் வாய்க்காலில தண்ணி விடுவினம். திங்கட்கிழமை குளம் திறக்கினம். இண்டைக்கே மாத்தவேணும்."

மனைவி மணியை அடித்துவிட்டு எழுந்தார். நீர்ப்பாசன அலுவலகத்துக்கு முன்னால் பஸ் நின்றது. கணவனும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

"அப்ப மூண்டை வெட்டிப்போட்டு ஏழு, அஞ்சு எண்டு எழுதவோ?"

"ஓம். பேனையை இஞ்ச தாங்கோ, நான் எழுதுறன்."