துக்க வருடத்துக் கிறிஸ்துமஸ்

போடியிலிருந்து மலையேறும் பஸ்சில், வளைவுக்கு வளைவு குலதெய்வத்திடம் புதிதாக ஒரு கிடா நேர்ந்துகொண்டிருந்தேன். முன்சீட்டில் ஏலத்தோட்ட ஆபீஸ் குமாஸ்தாக்கள் இருவர். மூத்தவர் சொன்னார்:

“ஆபீசுல எல்லாருமா இந்த வருசம் நம்ம சூசை வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்து வேணாம்னுட்டோம், தம்பி. அவரு பொண்டாட்டி செத்து ஆறு மாசந்தான ஆகுது. துக்க வீட்டுக்கு வருசம் திரும்பாம பண்டிகை ஏது?”

“அது நம்ம வழக்கம்ணே. அவரைக் கேட்டீகளா?”

“கேட்டா நோகுமேன்னு விட்டுட்டோம். சைவக்காரவுகளுக்குத் தனி அடுப்பு, ராவுத்தருக்குத் தனிச் சட்டின்னு வருசா வருசம் பொங்கிப் போட்ட மகராசி!”

“நேத்து அவரே எங்கிட்ட வந்து, ‘அவ சமையலுக்காகத்தான் இத்தன வருசம் எங்கூட உக்காந்தீகளா?’ன்னு கேட்டாருண்ணே.”

மூத்தவர் ஜன்னல் வழியே, பின்னால் இறங்கிப்போன மலைப்பாதையை எட்டிப் பார்த்தார்.

“நாமளே அவரு வீட்டுல போய்ப் பொங்கலாம்னா, சாமான் வாங்கக் கடையெல்லாம் கீழ போடியிலல்ல இருக்கு,” என்றார். “விடிஞ்சாப் பண்டிகையாச்சேடா.”