கருகிய கடலை வயலுக்குத் திரும்பி வந்தவருக்கு

வரப்பு வழுக்கினாலும் வாக்கு வழுக்காத வேளாண் அலுவலரே, சேறு படிந்த செருப்போடு அலுவலகப் படியேறி எங்கள் சிரிப்பையும் துப்புரவுப் பணியாளரின் சினத்தையும் ஒருசேர வென்ற அன்பரே, வணக்கம்.

இன்று ஓய்வு பெறும் உங்கள் இருபத்தொன்பது ஆண்டுப் பணியின் பெருமைகளை அடுக்கினால் இந்த மாலைப்பொழுது போதாது. ஆகவே, உங்கள் தோல்வி ஒன்றைச் சொல்லியே பாராட்டுகிறோம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், முதல் மழையிலேயே கடலை விதைக்கலாம் என்று அட்டவணை பார்த்துச் சொன்னீர்கள். உழவர்கள் நம்பி விதைத்தார்கள். மேல்மண் நனைந்ததோடு மழை நின்றது, இருபத்திரண்டு நாள் வானம் கைவிரித்தது, முளைத்ததெல்லாம் கருகியது. "அந்தம்மா இனிமே இந்தப் பக்கம் தலைகாட்டாது" என்றார் எங்கள் ஊர் டிராக்டர்காரர். மறுநாள் காலையே பேருந்தில் வந்து இறங்கினீர்கள்.

"நான் சொன்னது தப்பாப் போச்சு. மழை பழைய கணக்குல இல்ல. யாராவது விதைக்காம இருந்தீங்களா?"

கடைசி வயல் அக்கா மட்டும் கை தூக்கினார். "ஒரு சாண் தோண்டிப் பாத்தேன் மேடம், அடியில ஈரமே இல்ல. விதைய மூட்டையிலயே வச்சுட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா?"

"யாரு கேட்டா?"

வேறொருவர் முகம் சுளித்திருப்பார். நீங்களோ குறிப்பேட்டைத் திறந்துகொண்டு அவர் அருகே மண்ணில் அமர்ந்தீர்கள்.

அன்று பிறந்தது புதன்கிழமைக் கூட்டம். ஒருவர் முந்தி விதைத்தார், ஒருவர் பிந்தி விதைத்தார். ஒருவர் துவரையை ஊடே ஊன்றினார், ஒருவர் ஈரம் காக்க வைக்கோல் பரப்பினார். எது பலித்தது என்பதற்கு முன்னே எது கெட்டது என்று கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்பதே விதி. தன் தவறை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத டிராக்டர்காரர்கூட, "என் கடலை எலிக்குத்தான் விருந்து" என்று சிரித்துச் சொல்லப் பழகினார்.

சென்ற ஆண்டு மழை மூன்று வாரம் பிந்தி வந்து, பிறகு கொட்டித் தீர்த்தது. ஆனாலும் முப்பத்தெட்டு வயல்களில் முப்பத்தொன்று விளைந்தன. மீதி ஏழு குடும்பங்களுக்கும், நீங்கள் வாய் திறக்கும் முன்பே அண்டை வயல்காரர்களின் விதை மூட்டைகள் வந்து சேர்ந்தன. அன்று ஒரு மூலையில் நின்று நிதானமாகத் தேநீர் குடித்தீர்கள். உங்களுக்கு வேலையே இல்லாத அந்தக் காலையே உங்கள் பணியின் சிகரம் என்போம்.

முழங்கால் நோகாமல் நடக்கவும், வானிலை அறிக்கை கேளாமல் உறங்கவும், பேரப்பிள்ளைகளோடு காரணமின்றி மழையில் நனையவும் நெடுங்காலம் நலமோடு வாழ்க. உங்கள் நாற்காலிக்கு வரும் புதியவரைப் பற்றிக் கவலை வேண்டாம். அவரை நாங்கள் பழக்கிக்கொள்கிறோம்.

அன்பில் நனைந்த
அலுவலகத் தோழர்களும்
முப்பத்தெட்டு உழவர் குடும்பங்களும்