மூன்றாவது குறிப்பு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால் மணி. காலை நிகழ்ச்சி முடிந்த பிறகு வானொலி நிலையத்தின் பின்னறையில் இருந்தவர்கள் மூவர். ஒருவர், அறிவிப்பாளர் அம்மாள், ஜன்னலோரம், காதில் மாட்டும் கருவி இன்னும் கழுத்தில் கிடக்க, நாற்காலியின் நுனியில். இன்னொருவர், குறிப்பெழுத்தர், அந்த அம்மாள் தினமும் காலையில் கலகலப்பாகப் பேசுவதற்கு ஐந்து விஷயங்களைத் தாளில் எழுதிக் கொடுப்பவர். அவர் மேசைக்குப் பின்னால், கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவே இல்லை. மூன்றாமவர் தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு கதவருகே நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேசைமேல் நிலையத்தின் பெயர் அச்சிட்ட தாள் ஒன்று, எழுதப்படாமல்.

தையல்காரர்: நான் உக்கார வரலம்மா. கடையைக் காலி பண்ண இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு. நான் உங்களுக்குப் போன் பண்ணலைன்னு எழுதிக் குடுங்க, போயிடறேன்.

அறிவிப்பாளர்: மாஸ்டர், நேத்து ஒரு தையல்காரர் பேசினாரு. பேசினதே என்கிட்டதான். மூணு நிமிஷம் வயித்தைப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சேன். அது நீங்க இல்லைன்னு நான் எதை வெச்சு எழுதறது?

தையல்காரர்: என் குரலும் அந்தக் குரலும் ஒண்ணா?

அறிவிப்பாளர்: போன்ல எல்லாருக்கும் மூக்கடைச்ச குரல்தான்.

தையல்காரர்: எங்க ஓனரம்மாவும் இதேதான் சொன்னாங்க. அவங்க வீட்டு முன்னறையிலதான் என் கடை. இருபது வருஷம். நேத்து எட்டரைக்கு ரேடியோவைக் கையில தூக்கிட்டே வந்து என் மிஷின் மேல வெச்சாங்க. "ரேடியோவுல என்னை வெச்சுச் சிரிச்சியே, இப்ப என் முன்னாடி சிரி"ன்னாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல.

அறிவிப்பாளர்: அவங்களை எதுவும் தப்பாச் சொல்லலையே. தலைப்பு என்ன... தம்பி, நேத்து மூணாவது குறிப்பு என்ன?

குறிப்பெழுத்தர்: "வீட்டு ஓனருக்குத் தெரியாமல் நீங்கள் செய்யும் நல்ல காரியம்."

அறிவிப்பாளர்: ஆங். ஒருத்தர் ஓனர் வீட்டுச் செடிக்குத் தண்ணி ஊத்தறேன்னாரு. அதுக்கப்புறம்தான் தையல்காரர். "ஓனரம்மாவுக்கு ஜாக்கெட் அளவு எடுக்கறப்ப நாடா நாப்பத்தி ரெண்டு காட்டும், என் வாய் நாப்பதுன்னு சொல்லும், கத்தரி நாப்பத்தி ரெண்டுக்கு வெட்டும். ரெண்டு இஞ்ச் எப்பவும் கூட்டித்தான் தைக்கிறது. அவங்க இன்னும் இளைச்சிட்டே வர்றதா நெனச்சிட்டிருக்காங்க"ன்னாரு.

தையல்காரர்: போதும்மா. மறுபடியும் சொல்லாதீங்க.

அறிவிப்பாளர்: நல்ல மனசுன்னு நான் பாராட்டினேன் மாஸ்டர்.

தையல்காரர்: நீங்க பாராட்டினீங்க. பக்கத்து வீட்டுக்காரம்மா சுவத்துக்கு மேல எட்டிப் பாத்து, "அக்கா, நெஜமா எத்தனை?"ன்னு கேட்டாங்களாம். ஓனரம்மா சாயங்காலம் வரைக்கும் வெளிய வரல. பத்து நாள்ல சாவி வேணும்னு ராத்திரி ஆள் அனுப்பிட்டாங்க. இந்த வயசுல மிஷினைத் தலையில வெச்சிட்டு நான் எந்தத் தெருவுக்குப் போவேன்?

அறிவிப்பாளர்: ஊர்ல எத்தனை தையல்காரங்க...

தையல்காரர்: வீட்டு முன்னறையில கடை, ஓனர் ஒரு அம்மா, ஜன்னலுக்கு மேல பழைய கடிகாரம். எல்லாத்தையும் சொல்லியிருக்கான் அந்தப் படுபாவி. அவன் நம்பர் உங்ககிட்ட இருக்கும்ல? குடுங்க. நானே பேசிக்கறேன்.

அறிவிப்பாளர்: குடுக்கலாம் தம்பி. அழைப்பு நோட்டை எடு. வந்தவர் நிக்கறாரு, நீ உக்காந்தே இருக்க. எழுந்து அலமாரியில இருந்து எடு.

குறிப்பெழுத்தர்: நோட்டுல இருக்காதுக்கா.

அறிவிப்பாளர்: ஏன் இருக்காது? ஒவ்வொரு அழைப்பையும் நேரம் போட்டு எழுதறவன் நீ. கொட்டாவியைக் கூட எழுதி வெப்ப.

குறிப்பெழுத்தர்: நேத்து எட்டு இருபதுக்கு... அழைப்பே வரலக்கா.

அறிவிப்பாளர்: வரலையா? என் முன்னாடி சிவப்பு விளக்கு எரிஞ்சுதே.

குறிப்பெழுத்தர்: பக்கத்து ரூம்ல இருந்து உள்லைன்ல பண்ணினாலும் அதே விளக்குதான் எரியும்.

அறிவிப்பாளர்: பக்கத்து ரூம்ல யாரு இருந்தா? நீதானே இருந்த?

குறிப்பெழுத்தர்: ஆமாக்கா.

தையல்காரர்: நீங்களா சார் அது?

அறிவிப்பாளர்: மாஸ்டர், ஒரு நிமிஷம். நீங்க அப்புறம் திட்டலாம், நான் மொதல்ல திட்டிக்கறேன். எதுக்குடா பண்ண?

குறிப்பெழுத்தர்: செடிக்காரர் ஒருத்தரோட நின்னு போச்சுக்கா. நாலு நிமிஷமா யாரும் கூப்பிடல. நீங்க "காத்திட்டிருக்கேன், காத்திட்டிருக்கேன்"னு ஏழு தரம் சொன்னீங்க. எண்ணினேன்.

அறிவிப்பாளர்: எண்ணுவ. உனக்கு எண்ணறதுக்கு என்ன கேடு. பாட்டு போடுன்னு சொல்லியிருந்தா போட்டிருப்பேன்ல?

குறிப்பெழுத்தர்: பாட்டு போட்டா உங்க மொகம் விழுந்துடும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பாக்கறவன் நான்.

அறிவிப்பாளர்: என் மொகத்தைப் பத்தி நீ கவலைப்படாத. இது மொத தடவையா?

குறிப்பெழுத்தர்: இல்லக்கா.

அறிவிப்பாளர்: ஓஹோ. அந்த லிஃப்ட் ஆப்பரேட்டர்? "லிஃப்ட்டுல தனியா ஏறினா கண்ணாடி பாக்கறீங்களா"ன்னு கேட்டப்ப பேசினவரு?

குறிப்பெழுத்தர்: நான்தான்.

அறிவிப்பாளர்: காலுறையில எந்த விரல் பக்கம் மொதல்ல ஓட்டை விழும்னு சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி?

குறிப்பெழுத்தர்: புருஷன் மட்டும் நான். அந்த அம்மா கேன்டீன்ல பாத்திரம் கழுவறவங்க.

அறிவிப்பாளர்: கேன்டீனுக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது. கூமுட்டை மாதிரி மைக் முன்னாடி உக்காந்து, "உங்க வீட்டுக்காரரைக் கேட்டதா சொல்லுங்க"ன்னு பாத்திரம் கழுவற அம்மாகிட்டச் சொல்லியிருக்கேன். வெள்ளிக்கிழமை தவறாம கூப்பிடற வாட்ச்மேன்? "அம்மா, குரல் களைப்பா இருக்கு, தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க"ன்னு சொல்லுவாரே... அவராவது?

குறிப்பெழுத்தர்: அவர் நெஜம்க்கா.

அறிவிப்பாளர்: சத்தியமா?

குறிப்பெழுத்தர்: அவர் நெஜமான ஆளு.

அறிவிப்பாளர்: தப்பிச்ச. அது மட்டும் பொய்யா இருந்திருந்தா இந்தத் தண்ணி பாட்டிலை உன் தலையிலதான் ஒடச்சிருப்பேன்.

தையல்காரர்: உங்க சண்டையை நான் போனப்புறம் வெச்சுக்குங்கம்மா. என் கடை?

அறிவிப்பாளர்: எழுதுடா. தாளை எடு. உன் கையாலயே எழுது.

குறிப்பெழுத்தர்: எழுதறேன். ஆனா அக்கா, போலி அழைப்பு பிடிபட்டா அன்னிக்கே வேலை போகும்னு மேலாளர் போன வருஷம் சுற்றறிக்கை விட்டிருக்காரு. இந்தக் கடுதாசியை அந்த ஓனரம்மா நாலு பேருக்குக் காட்டினா...

அறிவிப்பாளர்: காட்டட்டும். இவர் கடை போகலாம், உன் நாற்காலி போகக் கூடாதா?

குறிப்பெழுத்தர்: போகலாம்னுதான் சொல்ல வந்தேன். எழுதறேன். "மதிப்பிற்குரிய அம்மையாருக்கு, வணக்கம். நேற்றுக் காலை எட்டு மணி இருபது நிமிடத்திற்கு எங்கள் நிகழ்ச்சியில் ஒலித்த தையல்காரரின் குரல், உண்மையான அழைப்பு அன்று. அது எங்கள் நிலையத்தின் குறிப்பெழுத்தராகிய நான், பக்கத்து அறையிலிருந்து மாற்றிப் பேசிய குரல்..."

தையல்காரர்: நல்லா எழுதறீங்க சார்.

அறிவிப்பாளர்: எழுதறதெல்லாம் நல்லாத்தான் எழுதுவான்.

குறிப்பெழுத்தர்: "...தங்கள் வீட்டு முன்னறையில் கடை வைத்திருக்கும் தையல்காரர் எங்களுக்குத் தொலைபேசியில் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, அதற்கு முன்பும் பேசியதில்லை. தங்களுக்கு நேர்ந்த மன வருத்தத்திற்கு முழுப் பொறுப்பு என்னுடையது. இப்படிக்கு." அவ்வளவுதான்.

அறிவிப்பாளர்: எப்படி அவ்வளவுதான்? "அதில் சொன்னது அத்தனையும் பொய்"னு எழுது.

குறிப்பெழுத்தர்: அது வேணாம்க்கா.

அறிவிப்பாளர்: வேணாமா? அந்த அம்மாவுக்கு அதானே முக்கியம். யாரு பேசினாங்கறதா பெருசு? ரெண்டு இஞ்ச்தானே பெருசு?

குறிப்பெழுத்தர்: எனக்குத் தெரியாத விஷயத்தை நான் எழுதக் கூடாது.

அறிவிப்பாளர்: இட்டுக்கட்டினவனே நீ. பொய்யா இல்லையான்னு உனக்குத் தெரியாதா? மாஸ்டர், நீங்களே சொல்லுங்க. அந்த வரி வேணுமா வேணாமா?

தையல்காரர்: ...இருக்கறது போதும்மா.

அறிவிப்பாளர்: போதுமா?

தையல்காரர்: நான் பேசலைன்னு இருக்குல்ல. அது போதும். நீட்டினா சந்தேகம் வரும்.

அறிவிப்பாளர்: என்ன மாஸ்டர், உள்ள வரும்போது கதவே ஒடையற மாதிரி வந்தீங்க. சரி, உங்க இஷ்டம். குடுடா, நானும் கையெழுத்துப் போடறேன். இந்தா. உறை எங்க? பசை எங்க? எழுந்து எடுத்துக் குடேன். காலை எறும்பு கடிச்சிருக்கா?

குறிப்பெழுத்தர்: உங்க பக்கத்துலயேதான் இருக்கு, ஜன்னல் கட்டையில.

அறிவிப்பாளர்: எல்லாத்துக்கும் ஒரு பதில். இந்தா, ஒட்டியாச்சு. டிரைவர் அந்தப் பக்கம்தான் போறாரு, அவர்கிட்டக் குடுத்தனுப்பறேன். நீங்க கொண்டுபோனா நீங்களே எழுதினதுன்னு சொல்லுவாங்க.

தையல்காரர்: பெரிய உபகாரம்மா. சார், ஒண்ணு கேக்கலாமா?

குறிப்பெழுத்தர்: கேளுங்க.

தையல்காரர்: அந்த ரெண்டு இஞ்ச் விஷயம்... உங்களுக்கு யாரு சொன்னா?

அறிவிப்பாளர்: யாரு சொல்லணும்? அவனா இட்டுக்... மாஸ்டர். என்ன கேட்டீங்க இப்ப?

தையல்காரர்: ஒண்ணுமில்லம்மா.

அறிவிப்பாளர்: நெஜமாவே கூட்டித் தைக்கறீங்களா?

தையல்காரர்: அவங்க வீட்டுக்காரர் தவறின வருஷம் ஆரம்பிச்சதும்மா. "ரொம்ப ஊதிட்டேனா"ன்னு கேட்டாங்க. வாய் வரலை, அப்படியே இருக்கீங்கன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்குத் தகுந்தாப்புல தைக்கணும்ல. அப்புறம் எந்த வருஷம் நிறுத்தறது? ஆனா ஒரு ஈ காக்காய்க்குச் சொன்னதில்ல.

அறிவிப்பாளர்: அப்ப அந்த அம்மா கோவப்பட்டது நியாயம். பொய்க் கடுதாசிக்கு என்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டீங்க ரெண்டு பேரும். இதை நான் அனுப்பணுமா?

தையல்காரர்: கிழிச்சிடாதீங்கம்மா.

குறிப்பெழுத்தர்: அதுல ஒரு வரி கூடப் பொய் இல்லக்கா. பாத்துப் பாத்துத்தான் எழுதினேன்.

அறிவிப்பாளர்: அதனாலதான் அந்த வரியை எழுத மாட்டேன்னியா? உனக்கு எப்படித் தெரியும்?

குறிப்பெழுத்தர்: இப்ப எழுந்திருக்கறேன். மாஸ்டர், என் பேன்ட்டைப் பாருங்க.

தையல்காரர்: ...இது நான் தச்சது.

குறிப்பெழுத்தர்: ஏழு வருஷமா நீங்கதான் தைக்கறீங்க. பழைய பேன்ட்டை அளவுக்குக் கொண்டு வர்றது என் வீட்டுக்காரி. பாக்கெட் துணியில ஒவ்வொரு தடவையும் மையில எழுதுவீங்க, முப்பத்தி நாலுன்னு. போன மாசம் ஆயத்த ஆடைக் கடையில ஜம்பமா முப்பத்தி நாலு கேட்டு வாங்கினேன். தொடைக்கு மேல ஏறல. கடைக்காரப் பொண்ணு வாயைப் பொத்திட்டுச் சிரிக்குது. வீட்டுக்கு வந்து டேப்பை வெச்சா முப்பத்தி எட்டு.

தையல்காரர்: அந்தத் தங்கச்சிதான், "அண்ணே, இடுப்பைக் கூட்டித் தைங்க, நம்பரை மட்டும் மாத்தாதீங்க, மனுஷன் சாப்பாட்டைக் கொறச்சிடுவாரு"ன்னு...

குறிப்பெழுத்தர்: தெரியும். அவகிட்டக் கத்த முடியல. உங்க கடையைப் பத்தி அவ சொன்னதெல்லாம் நெனவுல இருந்துச்சு. மைக்குல கத்திட்டேன். ஓனரம்மாங்கறதை மட்டும் தலைப்புக்காகச் சேத்தேன். அது போய் நெஜத்துல இடிக்கும்னு நெனக்கல.

தையல்காரர்: ஏன் சார், என்கிட்ட வந்து சட்டையைப் புடிச்சிருக்கலாமே. இந்தப் பாவத்துக்கு நாலு அடி வாங்கியிருப்பேன், கடை மிஞ்சியிருக்கும்.

அறிவிப்பாளர்: ரெண்டு பேரும் நிறுத்துங்க. வாசல்ல வண்டி ஹாரன் அடிக்குது... டிரைவர், இந்தாங்க. கடிகாரம் மாட்டின முன்னறை வீடு. அந்த அம்மா கையிலயே குடுங்க, பிரிச்சுப் படிக்கற வரைக்கும் நில்லுங்க.

தையல்காரர்: அம்மா, நீங்க நல்லா இருக்கணும்.

அறிவிப்பாளர்: நான் நல்லா இருக்கறதை விடுங்க. ஓனரம்மாவுக்கு ரெண்டு இஞ்ச். இவனுக்கு நாலு இஞ்ச். தம்பி, இங்க பாரு. மேசையைப் பாக்காத, என்னைப் பாரு. எனக்கு எத்தனை இஞ்ச் கூட்டித் தச்ச?

குறிப்பெழுத்தர்: சொன்னேனேக்கா. லிஃப்ட், காலுறை, இவரு...

அறிவிப்பாளர்: வாட்ச்மேன் நெஜமான ஆளுன்னு சொன்ன. அழைப்பு நெஜம்னு சொல்லல. நீ எப்படி எழுதுவேன்னு இப்பதான் பாத்தேன். போன வெள்ளிக்கிழமை எனக்குத் தண்ணி குடிக்கச் சொன்னது யாரு?

குறிப்பெழுத்தர்: ...மொத வருஷம் அவர்தான்க்கா.