யார் முகத்துக்கு?

— உங்களுக்குன்னா ஜெல்தாங்க அக்கா. இப்பவே நெத்தியெல்லாம் எண்ணெ வடியுது பாருங்க. நீங்க கேக்கற சன்ஸ்க்ரீன் க்ரீமை வெயிலுக்குப் போட்டா பிசுபிசுன்னு இருக்கும், பருவும் வரும்.

— எனக்கு இல்ல பாப்பா. எங்க வீட்டுக்காரருக்கு. மூணு மாசமா இங்கதான் வாங்கறேன். அப்ப வேற பொண்ணு இருந்துச்சு, அது கேக்காமலே எடுத்துக் குடுத்துடும்.

— அது ஆர்த்திங்க. கல்யாணமாகிப் போயிட்டா. நான் சிந்துஜா, இந்த வாரந்தான் சேர்ந்தேன். சரி, அவரு முகம் எப்படிங்க? மத்தியானத்துல எண்ணெ வடியுமா, இல்ல வறண்டு செதில் செதிலா வருமா?

— வீட்ல இருந்த வரைக்கும் ஏதோ நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப வறண்டு போயி மூக்கு மேல வெடிச்சுக் கிடக்குது. விபூதிய வேற அப்பிக்கறாரு.

— வீட்ல இருந்த வரைக்கும்னா?

— சாமியாராப் போயிட்டாரும்மா. மூணு வருஷமாச்சு. போளூர்ல மளிகைக் கடை வெச்சிருந்தோம். ஒருநாள் காலையில பால் வாங்கியாறேன்னு போனவரு. ஏதோ, பையன் போன்ல யாரோ போட்ட கிரிவல வீடியோவுல ஒரு ஓரமா உக்காந்திருந்தாரு. அப்படித்தான் கண்டுபிடிச்சோம்.

— வீட்டுக்குக் கூப்பிடலையாங்க?

— பையன் போயி கால்ல வுழுந்தான். இவரு கண்ணை மூடிக்கிட்டாரு. அதுலேர்ந்து அவன் வர்றதில்ல. நான் மட்டும் மாசாமாசம் பவுர்ணமிக்கு முந்தின நாள் பஸ் ஏறி வர்றேன். மூக்கு மேல புண்ணு ஒண்ணு ஆறவே மாட்டேங்குது. போட்டோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டினேன். வெயில் படவே கூடாது, க்ரீமாவது போடட்டும்னாரு. நிழலுக்கு வான்னா வர்ற மனுசனா அவரு?

— புண்ணு இருந்தா வாசனை போட்டது வேணாங்க, எரியும். இந்தாங்க, இது ஜிங்க் போட்டது. வறண்ட தோலுக்கு நல்லா இருக்கும். ஆனா ஒண்ணு, முகத்துல வெள்ளையாப் படியும்.

— படியட்டும். விபூதியோட விபூதியாப் போவுது. யாரு பாக்கப் போறாங்க?

— ரெண்டு விரல் நீளத்துக்கு எடுத்துப் பூசணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதபா மறுபடியும். ஒழுங்காப் பூசிக்கறாருங்களா?

— தெரியல. கைய நீட்டி வாங்கிக்கறாரு. "நல்லாயிரும்மா"ங்கறாரு. சோறு போட வர்றவங்க எல்லாரையும் சொல்ற மாதிரி என்னையும் அம்மாங்கறாரு. இருபத்திரெண்டு வருஷம் என் கையால சாப்ட்டவரு.

— அடையாளம் தெரியலைங்களா?

— பட்டினி கிடந்து ஞாபகம் போயிருச்சும்மான்னு பையன் சொல்றான். அப்படியே இருக்கட்டும் பாப்பா. மறந்துட்டாருன்னா வியாதின்னு மனசைத் தேத்திக்குவேன். தெரிஞ்சுக்கிட்டே என்னை அம்மான்னு கூப்பிட்டாருன்னா, அத மட்டும் என்னால தாங்க முடியாது.

— சரிங்க அக்கா. பில்லுக்குப் பேர் சொல்லுங்க.

— உண்ணாமலை.

— என்னங்க?

— உண்ணாமலைன்னு போடு. ஏன், எழுத வரலையா?

— இல்லைங்க... அவரு கிரிவலப் பாதையில குபேர லிங்கம் பக்கமா உக்காருவாரா? புண்ணு மூக்குல இடது பக்கமா?

— ஆமா. நீ பாத்திருக்கியா?

— ட்யூபை எங்க கடை கவரோடவே குடுத்தீங்களா?

— ஆமா, வாங்கினது வாங்கினபடியே. ஏன் கேக்கற?

— ஒண்ணுமில்லைங்க. உக்காருங்க, தண்ணி குடிங்க.

— தண்ணி வேணாம். உன் மூஞ்சி ஏன் இப்படி ஆவுது? செத்துட்டாரா?

— ஐயோ, இல்லைங்க. நல்லா இருக்காரு. முந்தாநாள் இங்க வந்தாரு.

— இங்கயா? அவரா?

— சொல்லாம விட்டுடலாம்னு பார்த்தேன்.

— சொல்லும்மா. ஏதோ ஒண்ணு, சொல்லிடு.

— கவர்ல கடைப் பேரைப் பார்த்துட்டு வந்திருக்காருங்க. மூணு ட்யூபையும் மேசை மேல வெச்சாரு. ஒண்ணுகூட சீல் பிரிக்கல. வேற மாத்திக் குடுன்னாரு. நாளாச்சு, மாத்த முடியாது சாமின்னேன். போகாம அப்படியே நின்னாரு. பாவமா இருந்துச்சு. ஒரு ஜெல் எடுத்து வெச்சிருக்கேன்.

— ஜெல்லா? அவருக்குத்தான் வறண்ட தோலாச்சே?

— அவருக்கு இல்லைங்க. "பவுர்ணமிக்கு முந்தின நாள் போளூர் பஸ்ல உண்ணாமலைன்னு ஒருத்தி வருவா. அவளுக்கு நெத்தியெல்லாம் எண்ணெ வடியும், இந்தக் க்ரீம் ஒத்துக்காது. வெயில்ல அலைஞ்சு கருத்துப் போயிட்டா. ஜெல்லு குடுத்து, இனிமே வர வேணாம்னு சொல்லு"ன்னாரு.